மீன்பெட்டி இறக்கையும் வரவேற்பறைக் காற்றுச் சுரங்கமும்

எங்கள் முதல் விமானம் ஆறு மீட்டர் போய் இடது பக்கம் சாய்ந்து மூக்கைப் புல்லில் குத்திக்கொண்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை எறிந்தபோது பக்கத்தில் நாயோடு நடந்து வந்த பெரியவர் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மகன் உயர்நிலை இரண்டு படிக்கிறான். பள்ளி விடுமுறையில் கிளைடர் செய்யலாம் என்று ஆரம்பித்தவன் அவன்தான். மோட்டார் கிடையாது, ரிமோட் கிடையாது, கையால் எறிவது மட்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். நாங்கள் இருப்பது சிங்கப்பூரின் யீஷூன். செம்பவாங் விமானத்தளம் பக்கத்திலேயே இருக்கிறது. விமானத்தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் ட்ரோன் போன்றவற்றைப் பறக்கவிட அனுமதி வாங்க வேண்டும். அந்த வம்பே வேண்டாம் என்று முடிவு.

ஈரச்சந்தை மீன்கடையில் கேட்டு வாங்கிய வெள்ளை நுரைப்பெட்டிதான் மூலப்பொருள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் வாசனை போகவில்லை. நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி நுரையை வெட்டினோம். இதைச் செய்பவர்கள் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. இறக்கையின் குறுக்குவெட்டுக்கு 'கிளார்க் ஒய்' என்ற வடிவத்தை அச்சடித்து ஒட்டினேன். 1922ல் வந்த வடிவம். அடிப்பக்கம் ஏறக்குறைய தட்டை, மேலே அழகான வளைவு. 1927ல் லிண்ட்பர்க் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் இறக்கை இதுதான். அட்லாண்டிக்கைத் தாண்டிய வடிவம் யீஷூன் திடலைத் தாண்டவில்லை. மகன் வேறு சாங்கியில் இறங்கும் ஜெட் மாதிரி இறக்கை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து 35 டிகிரி சாய்த்துவிட்டான். பார்க்க அருமையாக இருந்தது. எடை 61 கிராம்.

"அப்பா, நிஜ விமானத்து இறக்கையையே காப்பி அடிச்சிருக்கோம். ஏன் பறக்கல?"

நான் ஏர்கான் டக்ட், அதாவது குளிர்காற்று போகும் குழாய், வேலை பார்ப்பவன், பத்தொன்பது வருடமாக. காற்றை எங்கே திருப்பினால் எவ்வளவு அழுத்தம் போகும், எந்த எல்போவில் (குழாய் வளைவில்) இரைச்சல் வரும் என்பது பிழைப்பு. அப்படிப்பட்டவன் மகனுக்கு முன்னால் "தெரியலையே" என்று நிற்க முடியுமா? காற்றுச் சுரங்கம், அதாவது இறக்கையை நிறுத்திவைத்து அதன்மேல் காற்றை ஓடவிட்டுப் பார்க்கும் பெட்டி, கட்டிப் பார்த்துவிடுவோம் என்றேன். சொன்ன பிறகுதான் அதை எங்கே வைப்பது என்று யோசித்தேன்.

ரைட் சகோதரர்களும் இந்த மாதிரி ஒரு ஏமாற்றத்தில்தான் சுரங்கம் கட்டினார்கள். 1901ல் அவர்களுடைய கிளைடர் கணக்குப்படி எழும்பவில்லை. அதுவரை எல்லாரும் நம்பிய எண்களில் கோளாறு என்று சந்தேகப்பட்டு, சைக்கிள் கடையிலேயே ஆறடி நீள மரப்பெட்டி ஒன்று செய்தார்கள். உள்ளே 16 அங்குலச் சதுரம். ஹேக்சா பிளேடையும் சைக்கிள் ஸ்போக் கம்பியையும் வைத்துத் தராசு. இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 200 சின்ன இறக்கைகளைச் சோதித்தார்கள். ஹேக்சா பிளேடு என்று படித்ததும் எனக்குத் தைரியம் வந்தது. என் டூல் பாக்ஸில் நாலு கிடக்கிறது.

சரி, கட்டிய கதை.

காற்றாடி காசில்லாமல் கிடைத்தது. கோப்பிக்கடைச் சமையலறை ஒன்றில் பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி மாற்றிய வேலையில் ஒதுக்கிப் போட்டது, 30 செ.மீ. விட்டம். இருபது வருட எண்ணெய்ப் பிசுக்கு. மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்துச் சுரண்டினேன். ஃபேனை முன்னால் வைத்து ஊதக்கூடாது, பின்னால் வைத்து உறிஞ்ச வேண்டும். ஊதினால் இலைகள் கிளப்பும் சுழல் அப்படியே இறக்கைமேல் போய் மோதும். டக்ட்டிலும் இதே கதைதான்: ஃபேனுக்குப் பின்னால் வரும் காற்று குடித்தவன் நடை மாதிரி, ஃபேனுக்கு முன்னால் இருக்கும் காற்று கொஞ்சம் ஒழுங்கானது.

சோதனைப் பகுதி 20 செ.மீ. சதுரம், 45 செ.மீ. நீளம், மூன்று பக்கம் அக்ரிலிக். அதற்கு முன்னால் 45 செ.மீ. சதுர வாய். அது வளைந்து குறுகி 20க்கு வருகிறது, பரப்பில் ஐந்து மடங்குச் சுருக்கம். வாயில் நுழையும்போது மெதுவாக வரும் காற்று சுருங்கும் இடத்தில் வேகமெடுக்கும். அப்போது முன்னே இருந்த ஏற்றத்தாழ்வும் ஒப்பளவில் சிறிதாகிவிடும். காற்று சுழலாமல் நேராக நுழைய, சுரங்கத்தின் வாயில் பபிள் டீ ஸ்ட்ரா, 12 மி.மீ. தடிமன், 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி அடுக்கினோம். 1,600க்குக் கொஞ்சம் குறைவு. அந்த வேலையை மகனும் என் மனைவியும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்தார்கள். வீட்டில் அதைப் பற்றி இன்னும் பேச்சு அடங்கவில்லை.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். சோதனைப் பகுதியிலிருந்து ஃபேன் வரைக்கும் விரியும் குழாயை 25 செ.மீ.யில் முடித்துவிட்டேன். காரணம், முழுச் சுரங்கமும் பாம் ஷெல்ட்டருக்குள் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பதுங்கு அறை) நுழைய வேண்டும் என்று மனைவி போட்ட நிபந்தனை. 20 செ.மீ. 25 செ.மீ.க்குள் 30 ஆக விரிந்தால் ஒவ்வொரு பக்கமும் 11 டிகிரி. காற்று அவ்வளவு வேகமாகத் திரும்பாது, சுவரைவிட்டுப் பிய்த்துக்கொள்ளும். தம்பிமார்களுக்கு நானே இதைச் சொல்லித் தருபவன்! ஓட்டிப் பார்த்தால் காற்றின் வேகம் காட்டும் அனிமோமீட்டரில் 3.1, 4.0, 2.7 என்று முள் குதித்துக்கொண்டே இருந்தது. 80 செ.மீ. குழாயாக மாற்றியதும் பக்கத்துக்கு மூன்றரை டிகிரியானது. நடுவில் 5.6 மீட்டர், சுவரோரம் 5.4 மீட்டர், விநாடிக்கு. குதிப்பு நின்றது. சுரங்கம் வரவேற்பறைக்கு வந்தது. சோபா பாம் ஷெல்ட்டருக்குப் போகவில்லை, ஆனால் பேச்சு அந்தளவுக்குப் போனது.

தராசு இரண்டு. தூக்குவிசைக்கு நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்று, 0.1 கிராம் காட்டும், தேக்காவில் வாங்கியது. இறக்கையைத் தாங்கும் கம்பி, தரையில் போட்ட துளை வழியாகக் கீழே வந்து தராசுமேல் உட்கார்ந்திருக்கும். காற்று இறக்கையைத் தூக்கினால் எடை குறைந்து காட்டும், குறைந்ததுதான் தூக்குவிசை. இழுவைக்கு, அதாவது காற்று இறக்கையைப் பின்னால் தள்ளும் விசைக்கு, ஹேக்சா பிளேடு. பிளேடை நட்டுக்குத்தாக நிறுத்தி அடியை இறுக்கி, தலையில் இறக்கைக் கம்பி. காற்று தள்ளினால் பிளேடு லேசாக வளையும். அந்த வளைவைப் பெரிதாக்கிக் காட்ட ஒரு சாத்தே குச்சி, குச்சி நுனிக்குப் பின்னால் வரைபடத் தாள். அளவு சரிபார்க்க நூல் கட்டிக் கப்பி வழியாக ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தைத் தொங்கவிட்டோம். ஒரு வெள்ளி நாணயம் 7.62 கிராம். குச்சி 18 மி.மீ. நகர்ந்தது. கண்ணால் அரை மில்லிமீட்டர் படிக்கலாம் என்றால் 0.2 கிராம் வரைக்கும் நம்பலாம். இறக்கை இல்லாமல் வெறும் கம்பிக்கே 0.9 கிராம் இழுவை இருந்தது, அதை ஒவ்வொரு அளவிலும் கழித்துவிட்டேன்.

சோதனை இறக்கைகள் எல்லாம் ஒரே அளவு: அகலம் 7 செ.மீ., நீளம் 18 செ.மீ., காற்றுக்கு 6 டிகிரி நிமிர்த்தி. முதலில் தராசை சரிபார்க்க ஒரு தட்டையான அட்டைத் துண்டை மாட்டினேன், கேக் பெட்டி மூடியில் வெட்டியது. தூக்குவிசை 11.8 கிராம். குறித்துக்கொண்டு, நுரையில் வெட்டிய கிளார்க் ஒய்யை மாட்டினேன்.

9.4 கிராம்.

கேக் பெட்டி அட்டை அட்லாண்டிக் இறக்கையை ஜெயித்துவிட்டது. இழுவையிலும் அப்படித்தான்: அட்டைக்கு 1.9, நுரைக்கு 2.6. தராசில்தான் கோளாறு என்று இரண்டு ராத்திரி கழற்றி மாட்டினேன். நாணயத்தை மாற்றி மாற்றித் தொங்கவிட்டேன். கம்பி எங்காவது உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் மகன்தான் சொன்னான், "தராசை விட்டுட்டு இறக்கையைப் பாருங்கப்பா."

தையல் நூலை இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டி நுரை இறக்கையின் முதுகில் வரிசையாக ஒட்டினோம். ஃபேனைப் போட்டதும் முன்வரிசை நூல்கள் சமர்த்தாகப் பின்னோக்கிப் படுத்தன. பாதி அகலத்தைத் தாண்டிய நூல்கள் படுக்கவில்லை. சில எழுந்து நின்று ஆடின. கடைசி வரிசையில் இரண்டு மூன்று நூல்கள் திரும்பி முன்பக்கமாக, காற்று வரும் திசையைப் பார்த்துப் படுத்தன. அங்கே காற்று எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. முதுகின் பின்பாதியில் இறக்கையே இல்லாத மாதிரிதான்.

புகை விட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று பன்னிரண்டு ஊதுபத்தியைச் சேர்த்துக் கொளுத்தியது என் யோசனை. மூன்று நிமிடத்தில் கூரையில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவி அலறியது. எதிர்வீட்டு மக்சிக் கதவைத் தட்டி, "சாமி கும்பிடுறீங்களா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதைவிட அது சுலபம்.

காரணம் டக்ட் வேலையிலேயே இருக்கிறது. 1883ல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் நீரோடு சாயத்தை ஓடவிட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது, ஓர் அளவைத் தாண்டியதும் கலங்கியது. வேகத்தை அளவால் பெருக்கி, அந்தத் திரவமோ காற்றோ எவ்வளவு பிசுக்கானது என்பதால் வகுத்தால் வரும் எண்ணுக்கு அவர் பெயர். என் சோதனை இறக்கைக்கு அந்த எண் சுமார் 24,000. நியூயார்க் போகும் ஏ350 இறக்கைக்கு, 11 கி.மீ. உயரத்தில், 4 கோடிக்கு மேல் வருகிறது. ஏறக்குறைய 1,700 மடங்கு. அந்த விமானத்துக்குக் காற்று தண்ணீர் மாதிரி என்றால், என் மீன்பெட்டி இறக்கைக்குத் தேன் மாதிரி.

இறக்கையின் தோலை ஒட்டிய காற்று, உரசலில் வேகம் இழந்து சோர்ந்துபோயிருக்கும். முதுகின் உச்சியைத் தாண்டியதும் பின்விளிம்பை நோக்கி அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், மேட்டில் சைக்கிள் மிதிப்பது போல. பெரிய விமானத்தில் தோலோரக் காற்று கலங்கி ஓடுகிறது. கலக்கம் மேலேயிருக்கும் வேகமான காற்றைக் கீழே இழுத்துவந்து சோர்ந்ததுக்குத் தெம்பு கொடுக்கும், அதனால் மேட்டை ஏறிவிடும். என் இறக்கையில் காற்று அமைதியாக, அடுக்கடுக்காக வழுக்கிப் போகிறது. கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் யாரும் தெம்பு கொடுப்பதில்லை. பாதி மேட்டில் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிடுகிறது. தடித்த இறக்கையில் மேடு அதிகம். மெல்லிய அட்டையில் அது குறைவு.

அப்படியென்றால் மெல்லியதாக இருக்க வேண்டும், ஆனால் வளைவும் வேண்டும். அதே கேக் பெட்டி அட்டையை நடுவில் 4 மி.மீ. எழும்பும்படி வளைத்து மாட்டினோம். 18.6 கிராம். இழுவை 2.1. நுரை இறக்கையைப் போல இரண்டு மடங்கு தூக்கியது, இழுவை அதைவிடக் குறைவு. மகன் துள்ளிக் குதித்ததில் ஸ்ட்ரா அடுக்கிலிருந்து நாற்பது ஐம்பது துண்டுகள் கொட்டிவிட்டன.

நுரை இறக்கையை அப்படியே விட மனசில்லை. முன்விளிம்புக்கு ஒரு செ.மீ. பின்னால் நீளவாக்கில் ஒரு தடித்த நூலை ஒட்டினேன். காற்றைத் தடுக்கி விழவைத்துக் கலக்குவதற்காக. 9.4 என்றிருந்தது 12.7 ஆனது. ஒரு நூலுக்கு இது பெரிய விஷயம், பின்வரிசை நூல்களும் பாதிக்கு மேல் படுத்துவிட்டன. ஆனாலும் வளைந்த அட்டையை நெருங்கவில்லை.

அப்புறம் வேகத்தோடு விளையாடினோம். ரெகுலேட்டரைத் திருகி வேகத்தைப் பாதியாக, 2.8க்குக் கொண்டுவந்தபோது வளைந்த அட்டை 4.4 கிராம்தான் தூக்கியது. வேகம் பாதியானால் தூக்குவிசை கால்பங்கு, 4.65 வந்திருக்க வேண்டும். குறைந்த அந்தக் கால் கிராம் அளவுப் பிழையாக இருக்கலாம், வேகம் குறையக் குறையக் காற்று இன்னும் 'தேனாவதும்' காரணமாக இருக்கலாம்.

இந்தக் கால்பங்குக் கணக்கு கைக்கு வந்த பிறகு, சாங்கி கடற்கரையில் உட்கார்ந்து விமானம் பார்ப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் வடக்கேயிருந்து கடலைத் தாண்டி இறங்கும், தலைக்கு மேலேயே. பாயும் நாசி லெமாக்கும் எடுத்துக்கொண்டு போனோம். மேலே 11 கி.மீ. உயரத்தில் விநாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகும் ஜெட், தரை தொடும்போது 70 மீட்டர் சொச்சம். வேகம் மூன்றரை மடங்கு குறைந்தால் தூக்குவிசை பன்னிரண்டில் ஒரு பங்கு. தரைக்குப் பக்கத்தில் காற்று மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தி என்பது கொஞ்சம் கைகொடுக்கும். எரிபொருள் தீர்ந்து எடையும் குறைந்திருக்கும். எல்லாம் போக, அதே இறக்கை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தூக்கித் தர வேண்டும். அதனால்தான் இறங்கும்போது பின்விளிம்பு பலகை பலகையாக நீண்டு கீழே தொங்குகிறது (ஃப்ளாப் என்பார்கள்), முன்விளிம்பும் தலை குனிந்து ஒரு பிளவைத் திறக்கிறது. அந்த நேரத்தில் இறக்கையைப் பக்கவாட்டில் பார்த்தால் என் கேக் பெட்டி அட்டை மாதிரி நன்றாக வளைந்திருக்கும். மழை விட்ட அன்றைய ஈரத்தில், தொங்கும் ஃப்ளாப்பின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு சுழல் கிளம்பிப் பின்னால் நீண்டது. சுழலின் நடுவில் அழுத்தம் குறைந்து குளிர்வதால் ஈரம் மூடுபனியாகிறது. நாங்கள் தையல் நூல் ஒட்டிப் பார்த்ததை இந்த ஊர் ஈரம் சும்மாவே காட்டுகிறது.

அங்கேதான் மகன் பழைய கேள்வியைத் திரும்ப எடுத்தான். எல்லா ஜெட்டும் இறக்கையைப் பின்னால் சாய்த்திருக்கிறதே, நாங்கள் சாய்த்தது மட்டும் ஏன் தப்பு?

சாய்வு ஒலிக்காக. 11 கி.மீ. உயரத்தில் வெளியே மைனஸ் 56 டிகிரி, அங்கே ஒலி விநாடிக்கு 295 மீட்டர்தான் போகும். ஜெட் அதில் 85 சதவீத வேகத்தில் போகிறது. இறக்கையின் முதுகில் காற்று இன்னும் வேகமெடுப்பதால் அங்கே ஒலியை மிஞ்சிவிடும். மிஞ்சிய காற்று திரும்ப மெதுவாகும் இடத்தில் அதிர்ச்சி அலை, அதோடு இழுவை குபீரென்று ஏறும். இறக்கையைச் சாய்த்தால், முன்விளிம்புக்கு நேராக வரும் பங்குதான் முதுகில் வேகமெடுக்கிறது. 35 டிகிரி சாய்த்தால் 0.85 என்பது இறக்கைக்கு 0.70 மாதிரி. இதை 1935ல் ரோமில் நடந்த மாநாட்டில் அடோல்ஃப் புசெமன் சொன்னபோது ஒலிவேக விமானமே கிடையாது, அதனால் பெரும்பாலானவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கிளைடர் ஒலியில் அறுபதில் ஒரு பங்கு வேகத்தில் போகிறது. அதற்குச் சாய்வால் லாபம் பூஜ்யம். நஷ்டம் மட்டும் உண்டு: சாய்ந்த இறக்கையில் தோலோரக் காற்று நுனியை நோக்கி ஒதுங்கும், நுனி முதலில் தூக்குவதை நிறுத்தும். எங்கள் இரண்டு நுனிகளும் ஒரே மாதிரி வெட்டப்படவில்லை என்பதால் எப்போதும் இடதுதான் முதலில் கைவிட்டது. அந்த நாய்க்காரப் பெரியவர் பார்த்தது அதைத்தான்.

இந்தப் பேச்சில் என் மாமா நினைவு வந்தது. பாய லேபார் விமான நிலையத்தில், ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணி விமானமான கான்கார்ட் இறங்குவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர். லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் என்று 1977 டிசம்பரில் அது வந்தது. ஒரு பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், மறுபக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ். சத்தத்தைக் காரணம் காட்டி மலேசியா ஆட்சேபிக்க, சில பயணங்களிலேயே நின்று, 1979ல் மறுபடி ஆரம்பித்து 1980ல் முடிந்துபோனது. "கொக்கு இறங்குற மாதிரி மூக்கைத் தூக்கிக்கிட்டு வரும்டா, ஆனா அலகு மட்டும் கீழே தொங்கும்" என்பார் மாமா. அவர் சொன்னதை வெட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்று கான்கார்ட் இறக்கை மாதிரி முக்கோண அட்டை ஒன்றை மாட்டினோம், அதே பரப்பு, கூரான விளிம்பு.

6 டிகிரியில் அது ஒன்றுக்கும் உதவவில்லை. ஆனால் நிமிர்த்திக்கொண்டே போனால் தூக்குவிசை ஏறிக்கொண்டே போனது. வளைந்த அட்டை 12 டிகிரியைத் தாண்டியதும் படபடவென்று அடித்துக்கொண்டு கைவிட்டது. முக்கோணம் 25 டிகிரியிலும் கைவிடவில்லை, 22 கிராம். நூல்களைப் பார்த்தால் முன்விளிம்புக்கு உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் நூல்கள் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிறுகிறுவென்று சுற்றின. கூரான விளிம்பில் காற்று பிய்த்துக்கொள்வது நிச்சயம், ஆனால் அது வீணாகாமல் இரண்டு சுழலாகச் சுருண்டு முதுகின்மேல் படுத்து உறிஞ்சுகிறது. விலை இழுவையில்: சாத்தே குச்சி வரைபடத் தாளைத் தாண்டிப் போய்விட்டது. கான்கார்ட் அத்தனை இரைச்சலோடு இறங்கியதில் இதற்கும் பங்கு உண்டு, அந்த இழுவையை இஞ்சின்தான் தள்ளித் தீர்க்க வேண்டும்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. கிளார்க் ஒய்யைப் பற்றி என் சுரங்கம் பொய்தான் சொன்னது, அதாவது சின்ன உலகத்து உண்மையை மட்டும் சொன்னது. முக்கோணத்தைப் பற்றிப் பெரும்பாலும் நிஜத்தையே சொல்லியது. காற்று எங்கே பிய்ப்பது என்பதைக் கூர்விளிம்பே முடிவு செய்துவிடுவதால், தேனா தண்ணீரா என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்துக்காக வரைந்த இறக்கை, மேசை விசிறி வேகத்தில் நேர்மையாக நடந்துகொண்டது.

புது கிளைடருக்கு ஒன்றரை மி.மீ. பால்சா மரப் பலகை வாங்கினோம், ப்ராஸ் பாசாவில். நார் இறக்கையின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டி, தண்ணீரில் நனைத்து, 110 மி.மீ. பிவிசி குழாயில் துணியால் சுற்றி ஒரு ராத்திரி ஏர்கான் அறையில் வைத்தேன். அவிழ்த்ததும் பாதிக்கு மேல் திரும்ப நிமிர்ந்து, சரியாக 4 மி.மீ. வளைவில் நின்றது. அதிர்ஷ்டம்தான், கணக்கு இல்லை. நீளம் 60 செ.மீ., அகலம் 7, சாய்வே இல்லை. மூக்கில் களிமண்ணோடு சேர்த்து 34 கிராம்.

இதை இன்னும் குறுகலாக்கினால் நிஜ கிளைடர் மாதிரி இருக்கும் என்று 4.5 செ.மீ. அகலத்தில் மகன் ஒன்று செய்தான். நீண்டு குறுகிய இறக்கையில் நுனிச்சுழல் இழுவை குறையும், பெரிய விமானங்களில் அதுதான் போக்கு. ஏ380க்கு அந்த வசதிகூட முழுதாகக் கிடைக்கவில்லை, விமான நிலையத்தில் நிற்க 80 மீட்டர் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று 79.75 மீட்டரில் நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குக் கட்டம் போட்டது ரெனால்ட்ஸ். அகலம் குறைந்ததும் எண் 15,000 பக்கம் இறங்கி, சுழலில் மிச்சம் பிடித்ததை உரசலில் கொடுத்தோம். 7 செ.மீ. இறக்கையைவிட ஒரு மீட்டர் குறைவாகத்தான் போனது.

அதே திடல், தோள் உயரத்திலிருந்து சும்மா நேராகத் தள்ளிவிட்டது. மீன்பெட்டி ஆறு மீட்டர், இது பதினொன்றே கால். காற்று இல்லாத காலை ஏழு மணிக்கு, பத்து எறிதலின் சராசரி. மேலே நோக்கி வீசினால் 27 மீட்டர் வரைக்கும் போனது.

ஒரு சனிக்கிழமை மகன் உற்சாகத்தில் வீசியது வெயிலில் சூடான கார்பார்க் பக்கம் போய், எழும்பும் காற்றில் ஏறி, தூங்குமூஞ்சி மரத்தில் மூன்றாம் மாடி உயரத்தில் சிக்கிக்கொண்டது. துணி காயவைக்கும் மூங்கிலும் எட்டவில்லை. ஐந்து நாள் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவான். வியாழக்கிழமை இடிமழையில் அது தானாகவே விழுந்து கிடந்தது. இடது நுனியில் ஒன்றரை செ.மீ. போயிருந்தது. மகன் அளந்து பார்த்து வலது நுனியிலும் ஒன்றரை செ.மீ. வெட்டினான். 57 செ.மீ. இறக்கையோடு இப்போதும் பறக்கிறது, முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக.